பிறந்த குழந்தை செய்த பாவம் என்ன?

(பர்கூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கிறிஸ்து மதத்தில் சொல்லப்படும் ஜென்ம பாவத்தைப் பற்றியும் நித்திய ஜீவனைப் பற்றியும் இன்று பேசவேண்டுமென்று கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். துண்டு விளம்பரத்தைப் பார்த்த சில இந்து நண்பர்கள் மத்தியானமே நம்மிடம் வந்து, "எந்நேரமும் எங்கள் சாமிகளையே பிடித்துக்கொண்டிருந்தீர்கள், இன்றைக்காவது பாதிரிமார் பக்கம் திரும்பினீர்களே!" என்று ரொம்பவும் சந்தோஷப்பட்டுப் போனார்கள். அந்தச் சந்தோஷம் கூட்டம் முடிகிறவரை நிலைக்குமா என்பது நமக்குச் சந்தேகந்தான். இருக்கட்டும்.

கிறிஸ்தவத் தோழர்கள் சிலர் அந்த ஜவுளிக்கடை ஓரமாய் நிற்கின்றார்கள். அவர்கள் முன்னே வந்து உட்காரலாம். நாம் யாரையும் வைய வரவில்லை. பள்ளிக்கூடத் திண்ணையைக்கூட மிதிக்கக்கூடாதென்று தள்ளி வைக்கப்பட்டிருந்த நம் மக்களில் எத்தனையோ பேருக்கு முதன்முதலில் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் பாதிரிமார்கள். அதை மறைத்துப் பேசுவது யோக்கியமான காரியமாகாது. ஆனால் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் சொன்னதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமானால், எழுத்துப் படித்ததனால் பயன்தான் என்ன?

இந்த விஷயத்தைப் பர்கூரில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணமிருக்கின்றது. பக்கத்து எலத்தகிரி, பெரும்பாலும் ரோமன் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க சபை முதலில் பிரஞ்சுப் பாதிரிமார் கையிலும், 1930 முதல் சேலம் மேற்றிராசனத்தின் கீழும், 1997 முதல் தர்மபுரி மேற்றிராசனத்தின் கீழும் இருந்து வருகின்றது. இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி. 1895-ஆம் வருஷத்தில் நெய்தர் என்கிற ஜெர்மன் பாதிரியார் அங்கே ஒரு மிஷனைத் தொடங்கினார். அடுத்த வருஷம் மோன் என்கிற இன்னொருவர் ஆம்பூரில் வந்து தங்கினார். இவ்விருவரும் அதற்கு முன் இதே தமிழ்நாட்டில் லைப்சிக் லூத்தரன் மிஷனில் வேலை பார்த்தவர்கள். வேதப் புஸ்தகத்தின் ஒவ்வொரு வார்த்தையும் தேவனே அருளியது, அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இருக்க முடியாது என்பது இவர்கள் கட்சி. கூட வேலை பார்த்தவர்களில் சிலர் அப்படிச் சொல்லவில்லை என்பதால் சண்டை முற்றி, இவர்கள் 1893-இல் அந்த மிஷனைவிட்டு வெளியே வந்து, அமெரிக்காவில் மிசௌரி சபையாரிடம் சேர்ந்து, மறுபடியும் இங்கே வந்தார்கள். நெய்தர் 1904-இல் பிளேக் நோயில் மாண்டார். சொந்த ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, கொள்ளைநோய்க்கு நடுவே இருந்து செத்த மனிதருடைய துணிச்சலை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். (இவர்கள் வழியில் வந்த சபையார் ஆம்பூரில் வைத்த பள்ளிக்கூடத்துக்குக் கன்கார்டியா என்று பெயர். லத்தீனில் ஒருமனப்பாடு என்று அர்த்தமாம். மனம் ஒத்துப்போகாமல் பிரிந்து வந்தவர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்தான்!)

ஆகவே இந்த நாற்பது ஐம்பது மைல் வட்டத்துக்குள் ஒரே ஏசுவை, ஒரே புஸ்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டத்தார் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றார்கள். இவர்களன்றிச் சனிக்கிழமை சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என்று இப்போது தெருவுக்குத் தெரு வேறு இருக்கின்றது. "மோட்சத்துக்குப் போக மனிதன் என்ன செய்யவேண்டும்?" என்று இவர்களைத் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். ஒருவர், விசுவாசம் ஒன்றே போதும், நற்கிரியை கணக்கில் வராது என்பார். ஒருவர், விசுவாசமும் வேண்டும், நற்கிரியையும் வேண்டும், சுவாமியார் கையால் பெறும் தேவ திரவிய அநுமானங்களும் வேண்டும் என்பார். இன்னொருவர், பத்துக் கற்பனைகளில் ஓய்வுநாள் சனிக்கிழமையாயிருக்க, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் கற்பனையை மீறினவர்கள் என்பார். கிருஷ்ணகிரிக்கு வழி கேட்டால் ஒருவர் கிழக்கே கையைக் காட்டி, ஒருவர் மேற்கே கையைக் காட்டினால், நாம் என்ன நினைப்போம்? இவர்களில் யாரும் அந்த ஊருக்குப் போனவரில்லை என்றுதானே நினைப்போம்?

ஆனால் இவர்கள் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் மனிதன் பிறக்கும்போதே பாவியாய்ப் பிறக்கின்றான் என்பது. லூத்தர் கட்சியார் 1530-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ராஜா முன் வாசித்த விசுவாச அறிக்கையின் இரண்டாவது பிரிவு அதுதான். அவர்களைச் சபித்துத் தள்ளுவதற்காகக் கூடிய கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் 1546-இல் ஜென்ம பாவம் உண்டென்றே தீர்மானம் செய்தது. மற்ற எல்லாவற்றுக்கும் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டவர்கள், தொட்டிலில் கிடக்கும் குழந்தை பாவி என்பதில் மாத்திரம் கைகோத்துக்கொண்டார்கள். நாம் இன்று பேச வந்தது இந்தக் குழந்தையின் கட்சியை.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது? ஏசுவே சொன்னதென்று நினைத்தால் அது தப்பு. ஒரு பணக்கார வாலிபன் ஏசுவிடம் வந்து, நித்திய ஜீவனை அடைய நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட கதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவர் புஸ்தகத்திலும் இருக்கின்றது. அவனுக்கு ஏசு சொன்ன பதில் என்ன? நீ ஆதாமின் பாவத்தோடு பிறந்தவன், உன்னால் ஒன்றும் ஆகாது என்றா சொன்னார்? இல்லை. கற்பனைகளைக் கைக்கொள் என்றார். அவன் சிறு வயது முதல் அப்படியே நடக்கிறேன் என்றவுடன், அப்படியானால் உன் சொத்தையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்றார். அவன் முகம் வாடிப் போய்விட்டான். கதை அவ்வளவுதான். இதில் ஜென்ம பாவத்தின் வாசனைகூட இல்லை.

ஆதாமின் மூலமாய்ப் பாவம் உலகத்துக்குள் வந்தது என்று எழுதினவர் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கின்றது. நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் ஒருவனும் நீதிமானாக மாட்டான் என்று வாதித்தவரும் அவரே. ஆனால் அதே புஸ்தகத்தில் யாக்கோபு என்பவர், கிரியை இல்லாத விசுவாசம் செத்த விசுவாசம் என்கிற கருத்துப்பட எழுதி வைத்திருக்கின்றார். இது தமக்கு இடைஞ்சலாயிருந்ததால் லூத்தர் 1522-இல் தாம் எழுதிய முகவுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்குச் சமானமாகச் சொல்லிவிட்டார். இங்கே கிருஷ்ணகிரிக்கு வந்தவர்களோ அந்த வைக்கோலும் ஒரு எழுத்து விடாமல் தேவன் அருளியது என்பதற்காக மிஷனையே விட்டு வந்தவர்கள்!

பவுல் சொன்னதும்கூட, பிறந்த குழந்தை குற்றவாளி என்ற அளவுக்குப் போகவில்லை. அதைச் சட்டமாக்கினவர் ஆப்பிரிக்காவின் வடகரையில் ஹிப்போ என்ற ஊரில் பிஷப்பாக இருந்த அகுஸ்தீன் என்பவர். இவருக்குக் கிரேக்க பாஷை சரியாகத் தெரியாது. பவுல் எழுதியதோ கிரேக்கம். கிரேக்கத்தில் எல்லோரும் பாவஞ்செய்தபடியால் என்று பொருள்படும் இடத்தில், இவர் கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்பை ஆதாமுக்குள் எல்லோரும் பாவஞ்செய்தார்கள் என்று பொருள்கொள்ள இடமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஆதாம் பழத்தைத் தின்றபோதே நாம் எல்லோரும் அவருக்குள் இருந்து தின்றுவிட்டோம் என்று சாதித்தார். கிரேக்கம் பேசிய கீழ்த்திசைக் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் ஆதாமின் குற்றம் பிள்ளைகளுக்குப் பாத்தியமாகிறதென்று சொல்வதில்லை. ஆதாம் கதைக்குச் சொந்தக்காரர்களான யூதர்களும் சொல்வதில்லை. அதே ஆதாமை நபி என்று கொண்டாடும் முஸ்லிம்களோ, அவர் மன்னிப்புக் கேட்டார், கடவுள் மன்னித்தார், விஷயம் தீர்ந்தது என்று விட்டுவிட்டார்கள். மூலப் பத்திரம் யாரிடம் இருக்கின்றதோ அவர்களுக்கெல்லாம் தெரியாத கடன், நகலைத் தப்பாகப் படித்தவர் கண்ணுக்கு மாத்திரம் தெரிந்தது.

அந்தக் காலத்திலேயே இதை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போகவில்லை. பெலாஜியுஸ் என்று ஒருவர், பிரிட்டன் தேசத்திலிருந்து ரோமாபுரிக்கு வந்தவர். குழந்தை குற்றமில்லாமல்தான் பிறக்கின்றது, மனிதன் மனம் வைத்தால் கற்பனைப்படி நடக்கமுடியும், நடக்கமுடியாத கற்பனையைக் கொடுப்பது கடவுளுக்கு அழகல்ல என்பது அவர் கட்சி. நமக்கும் அது நியாயமாகவே படுகின்றது. இரண்டு முழக் கயிற்றைக் கையில் கொடுத்து, இருபது முழக் கிணற்றில் தண்ணீர் சேந்து என்று சொல்லி, சேந்தவில்லையென்று கட்டிவைத்து அடிக்கிற எஜமானனை நீங்கள் என்னவென்று சொல்லுவீர்கள்?

இந்த விவகாரத்தை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? சோசிமுஸ் என்ற போப்பு 417-இல் பெலாஜியுஸ் பேரில் குற்றமில்லை என்ற தோரணையில் எழுதினார். ஆப்பிரிக்க பிஷப்புமார் விடவில்லை. 418-இல் சக்கரவர்த்தி ஹொனோரியுஸ், பெலாஜியுஸை ரோமாபுரியை விட்டே துரத்தும்படி உத்தரவு போட்டார். கார்த்தேஜில் கூடிய சங்கம் அவர் கொள்கையைச் சபித்தது. போப்பும் உடனே மனம் மாறி அதே வருஷத்தில் தாமும் சபித்துவிட்டார். கையெழுத்துப் போட மறுத்த பதினெட்டு இத்தாலிய பிஷப்புமாருக்கு வேலை போயிற்று. போன வருஷம் குற்றமில்லாதது இந்த வருஷம் குற்றமானது, நடுவில் தேவன் புதிதாக ஏதும் அருளினதாலல்ல. ராஜாவின் உத்தரவு வந்ததால்.

இதில் இன்னொரு சங்கதியையும் கவனிக்கவேண்டும். சிசிலித் தீவில் சிராக்கூஸ் நகரத்திலிருந்து ஹிலாரி என்பவர் அகுஸ்தீனுக்கு எழுதிய ஒரு கடிதம் இன்னும் இருக்கின்றது. இங்கே சிலர் இப்படி இப்படிப் பேசுகிறார்கள், என்ன பதில் சொல்வது என்று கேட்டு எழுதியது. என்ன பேசினார்களாம்? மனிதன் கற்பனைப்படி நடக்கமுடியும் என்றார்களாம். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தை நரகத்துக்குப் போவது நியாயமல்ல என்றார்களாம். சொத்தை வைத்துக்கொண்டிருக்கிற பணக்காரன் சொத்தையெல்லாம் விற்காவிட்டால் மோட்சத்துக்குப் போகமுடியாது என்றும் சொன்னார்களாம். பாருங்கள் தோழர்களே! குழந்தையை விடுதலை செய்தவர்களே பணக்காரனைப் பிடித்துக் கேட்டார்கள். அகுஸ்தீன் எழுதிய பதிலிலோ பணக்காரனுக்கு வழி திறந்தது, குழந்தைக்கு அடைத்தது. அந்தப் பணக்கார வாலிபன் ஏசுவிடம் போகாமல் அகுஸ்தீனிடம் போயிருந்தால் முகம் வாடாமல் வீட்டுக்குப் போயிருப்பான். எல்லோரும் பிறவியிலேயே பாவிகள் என்று ஆகிவிட்டால், வட்டிமேல் வட்டி வாங்குகிறவனும் வட்டி கட்டுகிறவனும் ஒரே கூண்டில் ஏற்றப்பட்டு, யார் யாருக்கு என்ன அநியாயம் செய்தார்கள் என்கிற கேள்வியே அமுங்கிப்போகின்றது. பிறந்த பாவத்தைப் பேசப்பேச, செய்த பாவம் மறைந்து போகும்.

சரி, இதெல்லாம் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக் கதை, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஜில்லாவில் ஒரு கிராமத்தில், ஊர்ப் பேர் வேண்டாம், கத்தோலிக்கக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் நம்மிடம் சொன்னதைச் சொல்லுகிறோம். அவருக்கு மூத்ததாய் ஒரு ஆண் குழந்தை பிறந்து, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் இறந்து போயிற்றாம். கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக்கூடாதென்று வேலிக்கு வெளியே புதைத்தார்களாம். வருஷாவருஷம் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று எல்லோரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இவருடைய தாயாரும் மாமனார் மாமியார் கல்லறைகளுக்கு ஏற்றிவிட்டு, வேலியோரம் வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போவாராம். வெளியே ஏற்றினால் நாலுபேர் கேட்பார்களே என்று ஏற்றமாட்டாராம். சாகிறவரைக்கும் இப்படியே நின்றாராம்.

இது அந்த ஊர்க்காரர்களின் கொடுமையென்று நாம் சொல்லமாட்டோம். சட்டம் அப்படி இருந்தது. ரோமாபுரியார் 1917-இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத்தின் 1239-வது விதி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது என்றது. 1983-இல் புதுச் சட்டம் வந்தபோதுதான், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் பிஷப்பின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்று இடம் வைத்தார்கள். அந்தக் குழந்தையின் ஆத்மா எங்கே போகும் என்பதற்கும் ஒரு கதை இருந்தது. அகுஸ்தீன், அது நரகத்துக்குத்தான் போகும், தண்டனை மாத்திரம் எல்லாவற்றிலும் லேசாயிருக்கும் என்றார். அது ஜனங்களுக்குப் பொறுக்காததால், பின்னால் வந்த பண்டிதர்கள் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் லிம்போ என்று ஒரு இடத்தைக் கற்பித்து, அங்கே கஷ்டமுமில்லை, கடவுளைக் காண்பதுமில்லை என்று சமாதானம் சொன்னார்கள். எழுநூறு எண்ணூறு வருஷம் இது நடந்தது. 2007-இல் போப்பின் சம்மதத்தோடு ரோமாபுரிப் பண்டித சபையார் ஒரு அறிக்கை போட்டு, லிம்போ என்பது ஒரு காலத்தும் கட்டாயக் கோட்பாடாக இருந்ததில்லை, அது ஒரு அபிப்பிராயந்தான், இந்தக் குழந்தைகள் கரையேறுவார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கின்றது என்றார்கள்.

நல்லது. கொடுமையைத் தளர்த்தினதில் நமக்கும் சந்தோஷம். ஆனால் வேலியோரம் நின்று நின்றே செத்துப்போன அந்தத் தாய்க்கு யார் போய் இந்த அறிக்கையை வாசிப்பது? அபிப்பிராயத்துக்காகவா அவ்வளவு காலம் அவர் வெளியே மெழுகுவர்த்தி ஏற்றப் பயந்தார்?

அந்தக் குழந்தை எதனால் செத்தது என்று நாம் கேட்டோம். எட்டாம் நாள் வாய் கட்டி, உடம்பு வில்லாய் வளைந்து, இழுத்து இழுத்துச் செத்ததாம். தாய்மார்களே, அது என்னவென்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். ரணஜன்னி. துருப்பிடித்த கத்தியாலோ அரிவாளாலோ தொப்புள்கொடியை அறுத்து, அதன்மேல் சாணிச்சாம்பலைப் பூசுவதால், மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி உள்ளே போய் வருகின்ற நோய். கர்ப்பிணிக்கு ஊசி போட்டு, கொதிக்க வைத்த கத்தியால் கொடியை அறுத்தால் இது வராது. இந்த இரண்டையும் ஊர் ஊராய்க் கொண்டுபோனதன் பலனாக, குழந்தைகளின் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டுவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஒப்புக்கொண்டார்கள். ஆதாமின் பாவம் தலையில் ஊற்றும் தண்ணீரில் போகுமா, விசுவாசத்தில் போகுமா என்று பண்டிதர்கள் ஆயிரத்து அறுநூறு வருஷம் சண்டை போட்டார்கள். குழந்தையைக் கொன்ற அழுக்கு கத்தியில் இருந்தது.

இப்போது, ஆரம்பத்தில் சந்தோஷப்பட்ட இந்து நண்பர்களைக் கொஞ்சம் கவனிப்போம். எங்கே, ஒருவரையும் காணோமே? உட்காருங்கள், உட்காருங்கள். உங்களுடைய கணக்கையும் பார்த்துவிடலாம்.

கிறிஸ்தவன் ஆதாம் செய்த குற்றத்துக்கு நம்மைப் பிடிக்கின்றான். இந்துவோ நீயே முன்ஜென்மத்தில் செய்தாய் என்கின்றான். ஆதாம் கேசிலாவது குற்றம் இன்னதென்று சொல்லியிருக்கின்றார்கள். ஒரு பழம் தின்றது. பூர்வஜென்மக் கேசில் என்ன குற்றம், எந்த ஊர், எந்தத் தேதி, சாட்சி யார் என்று ஒன்றுமே கிடையாது. தண்டனை மாத்திரம் கையில் இருக்கின்றது. சேரியில் பிறந்தாயா, அதுதான் ருஜு! அது மட்டுமா? கிறிஸ்தவர்கள் கொள்கையின்படி எல்லாக் குழந்தையும் பாவி, பிஷப்பின் வீட்டுக் குழந்தையும் பாவிதான். இந்துக் கொள்கையிலோ ஒரு தெருக் குழந்தை புண்ணியத்தால் பிறந்தது, மறு தெருக் குழந்தை பாவத்தால் பிறந்தது. அவர்கள் நரகத்தைச் செத்தபிறகு வைத்தார்கள். நீங்கள் ஊருக்கு வெளியே, கிழக்கு மூலையில், பிறந்தவுடனே வைத்தீர்கள்.

எல்லோரும் சமமான பாவிகள் என்று சொன்ன சபையாராவது நம் நாட்டில் அதையே உருப்படியாய் நடத்தினார்களா என்றால், அதுவுமில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப்பு வில்சன், கோயிலுக்குள் சாதி கூடாதென்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் குதியாய்க் குதித்தார்கள். சாதி விஷயத்தில் மெள்ளப் போவோம் என்று சொன்ன லைப்சிக் லூத்தரன் மிஷனுக்குப் பிறகு அவர்களில் பலர் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். இந்த மிஷனிலிருந்துதான் நம் கிருஷ்ணகிரிப் பாதிரியார் பிரிந்து வந்தார். வேதத்தின் எழுத்துக்காகப் பிரிந்தார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை இரண்டு கால் சட்டைபோல் இரண்டு கூடமாகவே கட்டி, வேளாளருக்கு ஒன்று, நாடார் முதலியவர்களுக்கு ஒன்று என்று நடுவில் சுவரும் வைத்திருந்தார்கள். 1910-இல் பிஷப்பின் ஏற்பாட்டில் சுவர் இடிக்கப்பட்டதும், வேளாளர்கள் சுவர் எங்கள் உரிமையென்று கோர்ட்டுக்குப் போய், மெட்ராஸ் ஹைகோர்ட்டு வரைக்கும் போய்த் தோற்றார்கள். ஆதாமுக்குள் எல்லோரும் ஒன்றாய் இருந்து பழம் தின்றார்களாம். கோயிலுக்குள் ஒன்றாய் இருந்து அப்பம் தின்ன மாத்திரம் சுவர் வேண்டியிருந்தது!

பிறப்பிலே குற்றம் என்பது மதத்தோடு நின்றிருந்தாலும் போகட்டுமென்று விட்டிருப்போம். வெள்ளைக்கார சர்க்கார் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. 1911-க்குப் பிறகு அது நம் மாகாணத்திலும் வந்து, குறவர் முதலிய எத்தனையோ சாதியார் திருடாமலே திருடர்களாய்ப் பதிவு செய்யப்பட்டு, போலீசாரிடம் ஆஜர் கொடுக்க வேண்டியதாயிற்று. குறவர் குழந்தை பிறக்கும்போதே குற்றவாளி. அவர்களைத் திருத்துவதற்காக வைத்த குடியிருப்புகளில் சிலவற்றை நடத்தும் வேலை யாரிடம் கொடுக்கப்பட்டது தெரியுமா? இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையாரிடம். ஆந்திரத்தில் ஸ்டூவர்ட்புரம் அப்படி ஏற்பட்டதுதான். பிறவிப் பாவிகளைத் திருத்தித் தேறினவர்களுக்குப் பிறவித் திருடர்களைத் திருத்துவது கஷ்டமாயிருக்காதென்று சர்க்கார் நினைத்திருக்கலாம். அந்தச் சட்டம் நம் மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுவதும் 1952-இலும் ஒழிந்தது.

கடன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்க்கும் தோழர்களுக்கு இது நன்றாய்ப் புரியும். பாட்டன் ஐம்பது ரூபாய் வாங்கினான், அப்பன் உழைத்தான், மகனும் அதே கணக்கில் உழைக்கின்றான், கணக்கு தீர்வதில்லை. இதற்குத்தான் கொத்தடிமை என்று பெயர். 1976-இல் பார்லிமெண்டு இதை ஒழித்துச் சட்டம் செய்து, அப்படிப்பட்ட கடன்களே செல்லாதென்று சொல்லிவிட்டது. இந்து குடும்பங்களில் தகப்பன் கடனை அடைப்பது மகனுடைய தர்மம் என்று ஒரு பழைய விதி கோர்ட்டுகளில் நடந்து வந்தது. 2005-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு தகப்பன் வாங்கிய கடனுக்கு, தர்மம் என்ற பேரைச் சொல்லி மகனைப் பிடிக்க முடியாது. தகப்பன் சொத்து விட்டுப்போயிருந்தால் அந்தச் சொத்தின் அளவுக்குத்தான் கேட்கலாம். அந்த நியாயப்படி பார்த்தாலும், ஆதாம் நமக்கு விட்டுப்போன சொத்து என்ன? இருந்த ஒரு தோட்டத்திலிருந்தும் வெளியே துரத்தப்பட்டவராயிற்றே! பர்கூரில் துணி வியாபாரம் செய்கிற ஒரு சாதாரண வியாபாரி, செத்துப்போன பாட்டன் பேரிலுள்ள பாக்கிக்குத் தொட்டில் குழந்தையின் காதிலிருக்கிற கம்மலைக் கழற்றிக்கொண்டு போனால் ஊரே கூடி அடிக்கும். ஒரு வியாபாரியிடம் எதிர்பார்க்கிற யோக்கியதையை ஒரு கடவுளிடம் எதிர்பார்க்கக்கூடாதா?

இக்காலத்துப் படித்த பாதிரிமார் சிலர், ஆதாம் ஏவாள் கதை அப்படியே நடந்ததல்ல, மனிதனுக்குள் இருக்கும் கெட்ட சுபாவத்தைக் கதையாகச் சொன்னது என்கின்றார்கள். மனிதனுக்குக் கோபமும் பேராசையும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. பசியும் தூக்கமும் போல அவையும் நம்மோடு வந்தவை. வளர்ப்பினால் அடங்குகின்றன, வளர்ப்பினால் முற்றியும் போகின்றன. ஆனால் சுபாவம் வேறு, குற்றம் வேறு. அரிவாள் வெட்டக்கூடியது என்பதற்காக அரிவாளைத் தூக்கிலிடுவார் உண்டோ? மேலும், மனித ஜாதி ஒரே ஒரு ஜோடியிலிருந்து வந்ததல்ல, ஆயிரக்கணக்கான பேருள்ள கூட்டத்திலிருந்து வந்தது என்று நம் ரத்தத்தைப் பரிசோதித்தே சொல்லுகின்றார்கள். 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் என்ற போப்பு, ஆதாம் ஒரு தனி மனிதர், எல்லோரும் அவர் வம்சந்தான் என்பதைக் கிறிஸ்தவர்கள் விடக்கூடாதென்று எழுதினார். ஏன் அவ்வளவு பிடிவாதம்? அவருக்குக் கணக்குத் தெரியும். கடன் வாங்கினவர் வெறும் கதை என்றால், கடனை அடைத்தவர் மாத்திரம் எப்படி நிஜமாவார், ரசீது கொடுக்கிற சுவாமியாருக்கு என்ன வேலை?

1999-இல் ஆக்ஸ்பர்க்கிலேயே கத்தோலிக்கரும் உலக லூத்தரன் சங்கத்தாரும் கூடி, கிருபையா கிரியையா என்ற சண்டையில் முக்கியமானவற்றில் நாம் ஒத்துப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மிசௌரி சபையார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவிலே இதற்காக ஐரோப்பாவில் எத்தனை ஊர் எரிந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்பது சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். அதைப்பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைக்கு வீட்டுக்குப் போகமுடியாது.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கின்றார். "பாவமில்லையென்று சொல்லிவிட்டால் ஜனங்கள் பயமில்லாமல் அக்கிரமம் செய்யமாட்டார்களா?" என்று கேட்கிறார். செய்த அக்கிரமம் இல்லையென்று நாம் எப்போது சொன்னோம்? செய்யாத அக்கிரமத்தைத்தான் இல்லையென்கிறோம். கூலியைக் குறைத்தவன் கூலிக்காரனிடம் பதில் சொல்லவேண்டும். பெண்டாட்டியை அடித்தவன் பெண்டாட்டியிடம் பதில் சொல்லவேண்டும். அவர்களைத் தாண்டிக்கொண்டு போய், எங்கேயோ முழங்காலிட்டு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வருகிற குறுக்குவழிதான் நமக்குச் சம்மதமில்லை.

இன்னொரு சீட்டு, ஒரு கிறிஸ்தவத் தோழருடையது. "நான் சபையை விட்டுவிட வேண்டுமென்கிறீர்களா?" என்று கேட்கிறார். அது அவருடைய இஷ்டம். சபையை விட்டு நம் பழைய கோயில் வாசலில் வந்து நிற்கவேண்டுமென்று மாத்திரம் நாம் சொல்லமாட்டோம். அங்கே அவருக்காக என்ன காத்திருக்கின்றது என்பதை முன்னமே சொன்னோம். அவர் வீட்டில் குழந்தை பிறந்திருப்பதாகவும் எழுதியிருக்கின்றார். ஆகவே ஞானஸ்நானத்துக்கு முன் தம்முடைய பாதிரியாரிடம் போய், இந்தக் குழந்தை செய்த பாவம் என்ன, அதைக் குழந்தைக்கு எதிரிலேயே சொல்லுங்கள் என்று மரியாதையாய்க் கேட்கட்டும். பாதிரியார் பதிலை அவரிடம் சொல்லுவதோடு நிறுத்தாமல், இந்த மேடைக்கே வந்து சொல்லச் சம்மதித்தால் நமக்கு இன்னும் திருப்தி. லூத்தரன் பாதிரியாரானாலும் சரி, கத்தோலிக்கச் சுவாமியாரானாலும் சரி, இருவரும் சேர்ந்து வந்தாலும் சரி. தேதியை அவர்களே குறிக்கலாம். பந்தல் செலவும் விளக்குச் செலவும் பர்கூர்த் தோழர்களுடையது. கூட்டத்தில் யாரும் கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்வதும் அவர்களுடைய பொறுப்பு என்று காரியதரிசி இப்போதே சொல்லுகின்றார்.